ரோட்டில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட நாய்

"ரோட்டுல கெடச்சது மேடம்," என்றார் அந்த ஆள்.

பதிவு மேசையில் இருந்தவள் உடனே நிமிரவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை அவள் நாளுக்கு நாலு தடவை கேட்கிறாள். முதலில் குரலைக் கேட்க வேண்டும், முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் முறை. முகங்கள் பொய் சொல்லிப் பழகிவிட்டன. குரலுக்கு இன்னும் அந்த அளவு பயிற்சி வரவில்லை.

"எந்த ரோடு?"

"மெயின் ரோடு."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். இல்ல, வரும்போது வலது பக்கம்."

அவள் நிமிர்ந்தாள்.

பிராணிகள் காப்பகத்தில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். யாரும் அவள் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்து, உள்ளூரப் பெருமையும் உண்டு.

ஆதரவில்லாத பிராணிகளை மட்டும்தான் சேர்த்துக்கொள்வது என்பது காப்பகத்தின் விதி. வளர்த்துச் சலித்துப்போனவற்றைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போக முடியாது. அதனால் சலித்துப்போனவர்கள் எல்லோரும் தங்கள் நாயைத் தாங்களே ரோட்டில் கண்டெடுக்கத் தொடங்கினார்கள். ஒரு தம்பதி, யாரோ விட்டுவிட்டுப் போன குட்டி என்று கண் கலங்கச் சொன்னார்கள். கணவரின் செல்போன் திரையில் அதே குட்டி தலையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தது. இன்னொருவர் மரத்தடியில் கிடைத்ததாகக் கிளி ஒன்றைக் கொண்டுவந்தார். கிளி அவருடைய மாமியாரைப் பெயர் சொல்லித் திட்டியது. ஒரு அம்மா, ரோட்டில் கிடைத்தது என்று மீன்தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மீன் நீந்திக்கொண்டிருந்தது.

இரண்டு வருடத்தில் நாற்பத்து மூன்று பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். நாற்பத்து மூன்று பேரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொண்டுவந்ததைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவளுக்கு இது வெறும் வேலை இல்லை. சேர்ந்த புதிதில் ஒருமுறை பின்பக்கம் கூண்டுகளைப் பார்க்கப் போனாள். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. தங்கள் ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் போவதில்லை. நாய்களை எண்களாக மட்டுமே தெரிந்துவைத்திருந்தாள். எண்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இன்றைக்கு அறுபது கூண்டில் ஐம்பத்தொன்பது நிரம்பியிருந்தன. பத்து நிமிடத்துக்கு முன்புதான் வேன் டிரைவர் போன் செய்திருந்தார். பஸ் அடித்த நாய் ஒன்று. இடுப்பு போயிருக்கிறது போல. அரைமணியில் வந்துவிடுவேன், இடம் இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றே ஒன்று இருக்கிறது, வாங்க என்று சொல்லியிருந்தாள். அந்த ஒன்றை இந்த ஆளின் சலிப்புக்குத் தாரை வார்க்கப் போவதில்லை.

"உக்காருங்க," என்றாள்.

அந்த ஆள் உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு ஸ்க்ரூடிரைவர், விரல் நகங்களில் கிரீஸ். நைலான் கயிற்றின் மறுமுனையில் இருந்த நாய், யாரும் சொல்லாமலே அவர் கால்மேல் சாய்ந்து உட்கார்ந்தது. பழுப்பு நிறக் கிழட்டு நாய். மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது. ஒரு காது பாதிதான் இருந்தது.

"ரொம்பப் பழக்கம் போல இருக்கே."

"இப்பத்தான் மேடம், வழியில பழகிச்சு."

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு தெரு."

"ரெண்டு தெருவுல சாஞ்சு உக்கார்ற அளவுக்கா? என் வீட்டுக்காரர் அதுக்கு ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டாரு."

சுவரோர பெஞ்சில் பூனைக்கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பூனைக்குத் தடுப்பூசி போட வந்தவர். டாக்டர் இன்னும் வரவில்லை என்பதால் அவருக்கு வேறு வேலை இல்லை.

"முழியே சரியில்லையேம்மா," என்றார் அவர், யாரும் கேட்காமலே.

எக்ஸ்ரே எழுந்து நாயைச் சுற்றி வந்தாள். கழுத்தில் பட்டை இல்லை. ஆனால் பட்டை இருந்த இடத்தில் முடி தேய்ந்து வளையம் போட்டிருந்தது. நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. குனிந்து முகர்ந்தாள். குளிப்பாட்டிய வாசம். எங்கேயோ முகர்ந்த சோப்பு.

"ரோட்டுல கெடந்த நாய்க்கு நகம் வெட்டினது யாரு?"

"ரோட்டுல நடந்து தேஞ்சிருக்கும் மேடம்."

"குளிப்பாட்டினது?"

"மழை."

"மழையில சோப்பு வாசம் வருமா சார்?"

அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். அங்கிருந்து உதவி எதுவும் வரவில்லை.

எக்ஸ்ரேயிடம் சில சோதனைகள் இருந்தன. முதல் சோதனை, கயிற்றை வேறு ஆளிடம் கொடுப்பது. சொந்தக்காரர் கையை விட்டால் நாய் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

"அம்மா, இந்தக் கயித்தை ஒரு நிமிஷம் பிடிங்க."

"எனக்கெதுக்கும்மா வம்பு," என்று சொல்லிக்கொண்டே பூனைக்கார அம்மா ஆவலாகக் கையை நீட்டினார். நீட்டியபோது கூடை மடியிலிருந்து சரிந்தது. மூடி திறந்தது. பூனை ஒரு சாம்பல் நிறப் பந்து போல வெளியே வந்து, நாயைப் பார்த்து, இரண்டு மடங்கு பெரிதாகி, மேசைமேல் ஏறி, அங்கிருந்து கோப்பு அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டது. போகிற வழியில் இரண்டு கோப்புகள் கீழே விழுந்து காகிதங்கள் பரவின.

நாய் ஒரு தடவை கொட்டாவி விட்டது. பிறகு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா, சோதனை கெட்டுப்போச்சு," என்றாள் எக்ஸ்ரே.

"என் பூனை கெட்டுப்போச்சும்மா. அது மேல ஏறினா ரெண்டு நாளைக்கு இறங்காது."

"நான் எடுத்துத் தர்றேன்," என்று எழுந்தார் அந்த ஆள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, மறுகையைப் பூனைக்கு நேராக நீட்டாமல் பக்கவாட்டில் மெல்லக் கொண்டுபோனார். பூனை அவர் மணிக்கட்டில் மூன்று கோடு போட்டது. அவர் கையை எடுக்கவில்லை. "சரிடா, சரிடா, உனக்கும் பயம்தான்," என்று அதனிடம் பேசினார். அரை நிமிடத்தில் பூனை அவர் தோளுக்கு வந்துவிட்டது.

பூனைக்கார அம்மா உருகிப்போய்விட்டார். "நல்ல மனுஷனா இருக்காரே."

எக்ஸ்ரே உருகவில்லை. பிராணியைப் பிடிக்கத் தெரிந்தவன் வீட்டில் பிராணி இருக்கும். சும்மா ரோட்டில் போகிறவனுக்குப் பூனையைப் பக்கவாட்டில் அணுக வேண்டும் என்று எப்படித் தெரியும்?

"தொழில் என்ன?"

"லிஃப்ட் மெக்கானிக் மேடம். உயரம் பழக்கம்."

"அதான் பேச்சும் மேலயும் கீழயும் போயிட்டு வருது."

அப்போது பின்கதவைத் திறந்துகொண்டு கூண்டு அக்கா வந்தாள். அறுபது கூண்டையும் கழுவி, அறுபது வயிற்றையும் நிரப்புகிறவள். காலையும் மாலையும் பின்தெருவில் நாய்களை நடக்க வைப்பவளும் அவள்தான். கையில் வாளி. கீழே கிடந்த காகிதங்களைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் இருந்து ஒரு வால் தரையைத் தட்டுகிற சத்தம் வந்தது.

"பாருங்கக்கா, உங்களுக்கும் வாலாட்டுது. இந்த நாய் எல்லாருக்கும் ஆட்டுது. நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"எனக்கு எல்லா நாயும் ஆட்டும் மேடம். என்மேல சாப்பாட்டு வாசம்."

"இந்த ஆளு முழியைப் பாத்தீங்களா?"

கூண்டு அக்கா லிஃப்ட் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"திருட்டு முழிதான் மேடம்," என்றாள். "விடாதீங்க."

அவள் குனிந்து காகிதங்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். விழுந்தவை தத்து மனுக்கள். நாய் வேண்டும் என்று கேட்பவர்களின் மனுக்கள். கொண்டுவந்து தள்ளுகிறவர்களையாவது எக்ஸ்ரேயால் புரிந்துகொள்ள முடிந்தது. வந்து கேட்கிறவர்கள்மேல் அவளுக்கு இன்னும் அதிகச் சந்தேகம். இன்றைக்கு ஆசையாக வாங்குகிறவன்தானே நாளைக்கு ரோட்டில் கண்டெடுக்கப் போகிறான்? பெயரையும் முகவரியையும் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று மனுவின் மேல்பாதியை மடித்துவைத்துவிட்டு, 'ஏன் வேண்டும்' என்ற கட்டத்தை மட்டும் படிப்பாள். பேச்சே கிடையாது, எல்லாம் எழுத்தில்தான். இரண்டு வருடத்தில் ஐந்து நாய்தான் தத்துப் போயிருந்தன.

கூண்டு அக்கா அடுக்கிவைத்த மனுக்களில் மேலாக இருந்தது வயலட் மையில் எழுதுகிற ஒருத்தியுடைய மனு. ஒன்பதாம் கூண்டை விடாமல் கேட்கிறவள். வீட்டில் எப்போதும் ஆள் இருப்போம் என்று முதலில் எழுதினாள். எப்போதும் ஆள் இருக்கிற வீட்டில் நாய் எதற்கு என்று எக்ஸ்ரே திருப்பி அனுப்பினாள். இப்படியே ஏழு தடவை. கடைசி மனுவில், 'ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பார்க்க வந்தால் அது எழுந்து நிற்கிறது' என்று ஒரே வரிதான் இருந்தது. எல்லா நாயும் எழுந்து நிற்கும் என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினாள். ஞாயிறு அவளுக்கு விடுமுறை. யார் வருகிறார்கள், எது எழுந்து நிற்கிறது என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது.

அடுத்த சோதனை, பெயர்ச் சோதனை. அதற்கென்றே ஒரு நோட்டில் நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் எழுதிவைத்திருந்தாள். ஒவ்வொன்றாகப் படித்தால் சொந்தப் பெயர் வரும்போது நாயின் காது அசையும். இந்த நாய்க்கு ஒன்றரைக் காதுதான் என்பதால் முழுக் காதின் பக்கம் போய்க் குனிந்து உட்கார்ந்தாள்.

"டைகர்... மணி... ராஜா... பிரவுனி... டாமி..."

முப்பதாவது பெயரில் நாய் தூங்கிவிட்டது. அறுபதாவது பெயரில் குறட்டை வந்தது. பூனைக்கார அம்மாவுக்கும் கண் சொருகியது.

எக்ஸ்ரே கடிகாரத்தைப் பார்த்தாள். வேன் வர இன்னும் பத்து நிமிடம்தான்.

"சரி, எடையாவது பார்ப்போம். எழுப்புங்க."

லிஃப்ட் மெக்கானிக் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்து, "டேய் கிழவா, எந்திரி," என்றார்.

நாய் படக்கென்று எழுந்து நின்றது.

எக்ஸ்ரே மெதுவாக நோட்டை மூடினாள்.

"கிழவாங்கறது இதோட பேரா சார்?"

"வயசான நாயைப் பாத்தா வேற எப்படி மேடம் கூப்பிடறது?"

"நானும் பாத்தேன். எனக்குக் கூப்பிடத் தோணலையே."

பக்கத்து அறைக் கதவைக் கூண்டு அக்கா திறந்துவிட்டாள். நாய் பின்னங்காலை லேசாக இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தது. யாரும் கை காட்டவில்லை. நேராக எடை மேடைக்குப் போய், ஏறி, திரும்பி, அசையாமல் உட்கார்ந்தது. முள் நிற்கும்வரை காத்திருந்துவிட்டுத் தானே இறங்கியது.

"அடேங்கப்பா," என்றார் பூனைக்கார அம்மா. "என் பேத்திகூட இப்படி நிக்க மாட்டா."

எக்ஸ்ரேவுக்கு உள்ளே கொதித்தது. மாதாமாதம் எடை பார்த்து வளர்க்கப்பட்ட நாய். நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிய நாய். இத்தனை வருடம் கூடவே வைத்திருந்துவிட்டு, மூக்கு நரைத்ததும், கால் இழுத்ததும், ரோட்டில் கிடைத்தது என்கிறான்.

"வீட்டு நம்பர் குடுங்க."

அவர் முகம் வெளுத்தது. "வீட்டுக்கெல்லாம் எதுக்கு மேடம்?"

"சும்மா. ஒரு சம்பிரதாயம்."

"அவ கொஞ்சம் வெகுளி மேடம். எதையாவது சொல்லிடுவா."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

வேறு வழியில்லாமல் சொன்னார். எக்ஸ்ரே எண்களை அழுத்தினாள். அந்தப் பக்கம் ஒரே மணியில் எடுத்தார்கள். குரலில் தேன் தடவிக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரரோட வந்திருக்கற நாய் விஷயமா பேசறேங்க."

"ஐயோ, கெளம்பிட்டாங்களா?" என்றது ஒரு பெண் குரல். மூச்சு வாங்கியது. "பாய் விரிச்சு வெச்சுட்டேன். தண்ணிக் கிண்ணத்தை உள்ள வைக்கவா, பால்கனியில வைக்கவான்னு அவர்கிட்ட கேளுங்களேன். அப்புறம், லிஃப்டுக்கு முன்னாடி நாலு படி இருக்கு, அதுல மட்டும் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. இடது பின்னங்கால் வலிக்கும் அதுக்கு."

எக்ஸ்ரே போனை மெல்லக் கீழே வைத்தாள். நாற்பத்து மூன்று பேரில் ஒருவரிடமும் இவ்வளவு சுத்தமான சாட்சியம் கிடைத்ததில்லை.

"ரோட்டுல கெடச்ச நாய்க்கு எந்தக் கால் வலிக்கும்னு உங்க வீட்டம்மாவுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

லிஃப்ட் மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்க அங்க பாய் விரிச்சுக் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க இங்க வந்து தள்ளிவிடப் பாக்கறீங்க. வீட்ல என்ன சொல்றதா இருந்தீங்க? வழியில ஓடிப்போச்சுன்னா?"

"தப்புதான் மேடம்."

"என்ன தப்பு? வாயால சொல்லுங்க."

"இது... எங்க நாய் மேடம்."

அந்தச் சொற்களைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எக்ஸ்ரே குரல்களைப் படிக்கத் தெரிந்தவள். இதில் பொய் இல்லை என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

அதன்பிறகு அவள் தாமதிக்கவில்லை. உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்தாள். மேலே குறிப்பிட்ட நாய் என்னுடையது. அதை ஆயுள் முழுவதும் என் வீட்டில் வைத்துக் காப்பாற்றுவேன். எந்தக் காரணத்துக்காகவும் இந்தக் காப்பகத்துக்குத் திரும்பக் கொண்டுவர மாட்டேன்.

பேனாவைத் தேடினாள். அதற்குள் அவர் தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டிருந்தார்.

"படிக்காம போடாதீங்க."

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

இங்கே அவளுக்கு ஏதோ உதைத்தது. மற்றவர்கள் இந்தக் கட்டத்தில் கத்துவார்கள், கெஞ்சுவார்கள், பெரிய ஆட்களுக்குப் போன் போடுவார்கள். இந்த ஆள் ஒழுங்காகப் பிள்ளையார் சுழி போடுகிற மாணவன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார். இவ்வளவு அடக்கம் நல்லதில்லை. வெளியே போனதும் வேறு தெருவில் அவிழ்த்துவிட்டுப் போய்விடுவானோ?

பத்திரத்தைப் பிடுங்கி இன்னும் மூன்று வரி சேர்த்தாள். தினமும் இரண்டு வேளை உணவு. மாதம் ஒருமுறை டாக்டர். காப்பகத்தார் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கலாம்.

"வாங்க மேடம், எப்ப வேணா வாங்க," என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரு சந்தேகம் மேடம். நாளைக்கு வேற யாராவது வந்து, இது எங்க நாய், குடுன்னு கேட்டா?"

"யாரு கேட்பா? இதுல உங்க நாய்னு இருக்கு. கீழே என் முத்திரை இருக்கு. ஒருத்தரும் கேக்க முடியாது."

"காப்பகத்துலேர்ந்தே கேட்டா?"

"காப்பகம் எதுக்கு சார் கேக்கும்? தப்பிச்சுக்க வழி பாக்கறீங்களா? நானே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது. போதுமா?"

"அதையும் எழுதிடுங்களேன்."

எழுதினாள். ஓங்கி முத்திரை குத்தினாள். மை சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு தடவை குத்தினாள். அவர் நகலை நாலாக மடித்து, ஸ்க்ரூடிரைவர்களுக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

வாசல்வரை போய்க் கண்காணித்தாள். அவர் கயிற்றை இழுக்கவில்லை. நாய்தான் அவரை இழுத்துக்கொண்டு போனது. வாசல்படியில் அவர் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டார். இடது பின்னங்காலுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினார். நாய் அவர் தோளுக்கு மேலாகக் காப்பகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தெருமுனையில் வேன் திரும்பியது. எக்ஸ்ரேவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நாற்பத்து நாலு. அடிபட்ட நாய்க்கு இடம் பிழைத்தது.

உள்ளே வந்தாள். கூண்டு அக்கா மேசைக்கு அடியில் கிடந்த பழுப்பு முடிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாக்கா? நான் மட்டும் ஒரு நிமிஷம் அசந்திருந்தா அந்த ஆளு ஏமாத்திட்டுப் போயிருப்பான்."

"ஆமா மேடம்," என்றாள் கூண்டு அக்கா, பெருக்குவதை நிறுத்தாமல். "அவர் சம்சாரம் ஏழு தடவை எழுதிக் கேட்டும் நீங்க குடுக்காத ஒன்பதாம் கூண்டு நாயை, இன்னிக்கு ரெண்டு முத்திரை குத்தி நீங்களே அனுப்பி வெச்சுட்டீங்க."